இருபது ஓவர் பழகியவர்களுக்கு ஐந்து நாள் ஆட்டம்: இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடரைப் பின்தொடர்வது எப்படி?

ஐபிஎல் பார்த்து வளர்ந்த ஒருவர் டெஸ்ட் கிரிக்கெட் பக்கம் வரும்போது விதிகள் அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. எப்போது உட்கார்ந்து பார்ப்பது, எப்போது எழுந்து வேலையைக் கவனிப்பது என்பதுதான் பிடிபடாது. ஒரு நாளைக்கு 90 ஓவர். ஐந்து நாள். அப்படி நான்கு அல்லது ஐந்து ஆட்டங்கள். வேலை, குடும்பம் உள்ள யாராலும் இதை முழுதாகப் பார்க்க முடியாது. பல்லாண்டுகளாக ரசிப்பவர்களும் பார்ப்பதில்லை. எந்த இரண்டு மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதைப் பழகிக்கொள்ள இந்தியா–ஆஸ்திரேலியா தொடரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடருக்கு வயது அதிகம். ஆனால் நம் பகுதி வாசகருக்கு ஆட்டக்காரர்களின் பெயரும் முகமும் ஏற்கெனவே தெரிந்த தொடரில் தொடங்குவது எளிது.

கோப்பை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

இந்தத் தொடருக்கு 1996 முதல் பார்டர்–கவாஸ்கர் கோப்பை என்று பெயர். ஆலன் பார்டர், சுனில் கவாஸ்கர் இருவருமே டெஸ்டில் பத்தாயிரம் ரன்களைத் தாண்டியவர்கள். பெயர்க் காரணத்தைவிட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது: தொடர் சமனில் முடிந்தால், ஏற்கெனவே கோப்பையை வைத்திருக்கும் அணியிடமே அது தங்கிவிடும்.

இது தெரியாவிட்டால் தொடரின் கடைசி ஆட்டம் புரியாது. 2024-25 தொடரில் நான்கு டெஸ்ட் முடிந்தபோது ஆஸ்திரேலியா 2-1 என்று முன்னிலையில் இருந்தது. சிட்னியில் வென்றாலும் இந்தியாவால் தொடரை வெல்ல முடியாது, சமன் செய்யத்தான் முடியும். ஆனால் 2017 முதல் கோப்பை இந்தியாவிடம் இருந்ததால் அந்தச் சமனே போதுமானதாக இருந்தது. அதனால்தான் அந்த ஆட்டத்தில் அவ்வளவு பதற்றம். ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் வென்று, 3-1 என்று முடித்துக் கோப்பையை எடுத்துச் சென்றது. தொடர் தொடங்கும் முன்பே ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கோப்பை யாரிடம், அவர்களுக்குச் சமன் போதுமா?

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் ஆடினால் கணக்கு எளிது. காலை 9.30 முதல் 11.30 வரை முதல் பகுதி. நாற்பது நிமிட உணவு இடைவேளைக்குப் பிறகு 12.10 முதல் 2.10 வரை இரண்டாம் பகுதி. இருபது நிமிடத் தேநீர் இடைவேளை கழிந்து 2.30 முதல் 4.30 வரை மூன்றாம் பகுதி. ஓவர்கள் மிச்சமிருந்தால் அரை மணி நேரம் நீட்டிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆடினால் ஊருக்கு ஊர் மாறும். மெல்பர்ன், சிட்னி ஆட்டங்கள் நம் நேரப்படி அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் முதல் பகுதி முழுவதையும் பார்த்துவிடலாம். நண்பகலுக்குள் அன்றைய ஆட்டமே முடிந்துவிடும். பிரிஸ்பேன் ஆறு மணியை ஒட்டி. பெர்த் மேற்கே இருப்பதால் எட்டு மணியை ஒட்டி. அடிலெய்டில் இளஞ்சிவப்புப் பந்தில் பகலிரவு ஆட்டம் என்றால் நமக்குக் காலை 9.30, அங்கே அந்தி சாய்ந்து விளக்கு எரியும் நேரம் நமக்குப் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வரும். அந்த அந்தி வேளையில் பந்து அதிகம் வளையும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 2020 டிசம்பரில் இந்தியா அதே அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டது நல்ல பகல் வெளிச்சத்தில். ஆகவே அந்திக்காக மட்டும் காத்திருக்க வேண்டாம்.

ஒளிபரப்பு உரிமை பெரும்பாலும் தொடரை நடத்தும் நாட்டின் வாரியத்தோடு போகும். போன முறை வந்த அலைவரிசையிலேயே இந்த முறையும் வரும் என்று நம்பி முதல் நாள் காலையில் தேடாதீர்கள். முந்தின வாரமே பார்த்துவிடுங்கள்.

பந்து பந்தாகப் பார்ப்பதை விடுங்கள். பகுதி பகுதியாகக் கணக்கு வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெஸ்டில் அதிகபட்சம் பதினைந்து பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று எண்களைக் குறியுங்கள்: எத்தனை ரன், எத்தனை விக்கெட், எத்தனை ஓவர். பிறகு ஒரே கேள்வி: இந்த இரண்டு மணி நேரத்தில் யார் கை ஓங்கியது? 100 ரன்னுக்கு விக்கெட் எதுவும் விழவில்லை என்றால் மட்டை பிடித்தவர்கள். 70 ரன்னுக்கு நான்கு விக்கெட் என்றால் பந்து வீசியவர்கள். 80 ரன், இரண்டு விக்கெட் என்றால் ஆடுகளத்தைப் பொறுத்தது; அங்கேதான் நண்பர்களோடு வாதாட இடம் கிடைக்கிறது.

இதற்குப் பிரிஸ்பேன் காபா மைதானத்தில் 2021 ஜனவரி 19 அன்று நடந்ததைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. தொடர் 1-1. இந்தியாவுக்கு இலக்கு 328. அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு டெஸ்டில் தோற்றதே இல்லை. கடைசி நாள் காலை இந்தியா விக்கெட் இழப்பின்றி 4. உணவு இடைவேளையில் ஒரு விக்கெட்டுக்கு 83. அதாவது இரண்டு மணி நேரத்தில் 79 ரன், ஒரு விக்கெட். இருபது ஓவர் கண்ணோடு பார்த்தால் இது மந்தமான ஆட்டம். டெஸ்ட் கண்ணோடு பார்த்தால், கடைசி நாளில், ஆஸ்திரேலியாவின் முழுப் பந்துவீச்சுக்கு எதிராக, ஒன்பது விக்கெட் கையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் மூன்று விக்கெட்டுக்கு 183. இப்போது 37 ஓவரில் 145 ரன் தேவை, கையில் ஏழு விக்கெட். இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதானே? காலை முழுவதும் டெஸ்டாக இருந்த ஆட்டம் மாலையில் ஒருநாள் ஆட்டமாக மாறிவிட்டது. அப்படி மாற விட்டவர் புஜாரா. உடம்பிலும் தலைக்கவசத்திலும் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகள் நின்று 56 ரன் எடுத்தார். ரிஷப் பந்தின் ஆட்டமிழக்காத 89-தான் தலைப்புச் செய்தி ஆனது. என்னைக் கேட்டால் அந்த 56 இல்லாமல் இந்த 89 இல்லை. இந்தியா மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மூன்று ஓவர் மிச்சமிருந்தது.

தொலைக்காட்சித் திரையில் வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று ஒரு பட்டை காட்டுவார்கள். தொடக்கத்தில் அதைப் பார்க்காதீர்கள். உங்களுடைய மூன்று எண்களை வைத்து நீங்களே முடிவெடுத்துப் பழகுங்கள். பத்துப் பகுதிகளுக்குள் கை வந்துவிடும்.

ஸ்கோரைப் படிக்கும் முறை

ஆஸ்திரேலிய ஒளிபரப்பில் விக்கெட்டை முன்னால் எழுதுவார்கள். 3/112 என்றால் மூன்று விக்கெட் இழப்புக்கு 112. நாம் 112/3 என்று எழுதுவோம். அரைத் தூக்கத்தில் அதிகாலை ஐந்து மணிக்குத் திரையில் 7/150 என்று பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஒரு அணி 150 எடுத்தால் நல்லதா, கெட்டதா? தனியாகப் பார்த்தால் விடை இல்லை. 2024 நவம்பரில் பெர்த்தில் இந்தியா முதல் இன்னிங்ஸில் (டெஸ்டில் ஒவ்வோர் அணிக்கும் மட்டை பிடிக்க இரண்டு முறை) 150-க்கு ஆட்டமிழந்தபோது பல பேர் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள். அன்று மாலைக்குள் ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுக்கு 67. ஒரே நாளில் 17 விக்கெட். மறுநாள் ஆஸ்திரேலியா 104-இல் முடிந்தது; பும்ராவுக்கு ஐந்து விக்கெட். ஏளனமாகத் தெரிந்த 150 இப்போது 46 ரன் முன்னிலை. அதன்பின் ஆடுகளம் சாந்தமானது. ஜெய்ஸ்வாலும் ராகுலும் முதல் விக்கெட்டுக்கு 201 சேர்த்தார்கள். இந்தியா 295 ரன்னில் வென்றது. இரு அணிகளும் ஒரே ஆடுகளத்தில் ஒரு முறையாவது மட்டை பிடித்து முடிக்கும் வரை எந்த எண்ணையும் நம்பாமல் இருப்பது நல்லது.

முதலில் ஆடிய அணிக்கு முதல் இன்னிங்ஸ் முன்னிலை 200 அல்லது அதற்கு மேல் இருந்தால், எதிரணியையே உடனே மறுபடி ஆடச் சொல்லலாம். இதுதான் ஃபாலோ ஆன். கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். 2001-இல் கொல்கத்தாவில் தொடர்ந்து 16 டெஸ்ட் வென்று வந்த ஆஸ்திரேலியாவும் அப்படித்தான் நினைத்திருக்கும். 274 ரன் பின்தங்கிய இந்தியாவை மீண்டும் ஆட வைத்தார்கள். லட்சுமண் 281, டிராவிட் 180. நான்காம் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. கடைசியில் இந்தியா 171 ரன்னில் வென்றது.

புதிய பந்து எப்போது வருகிறது?

80 ஓவர் முடிந்ததும் பந்துவீசும் அணி புதிய பந்தைக் கேட்கலாம். இது நீங்கள் எழுந்து போகக் கூடாத நேரம். புதிய பந்து கடினமாக இருக்கும், தையல் எடுப்பாக இருக்கும், வேகமாக எகிறும். எனவே திரையில் ஓவர் எண் 75-ஐத் தாண்டினால் வேலையை ஒதுக்கிவிட்டு வாருங்கள். காபாவில் சொன்னேனே, அந்தப் புஜாரா எப்போது ஆட்டமிழந்தார் தெரியுமா? பழைய பந்தில் அவரை அசைக்க முடியவில்லை. 81-ஆவது ஓவரில் கம்மின்ஸ் புதிய பந்தைக் கையில் எடுத்ததும் எல்பிடபிள்யூ. அப்போது இந்தியாவுக்குச் சரியாக 100 ரன் தேவை.

பந்திலும் வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் கூக்கபுரா, இந்தியாவில் கையால் தைக்கப்படும் எஸ்ஜி. எஸ்ஜி பந்தின் தையல் நீண்ட நேரம் எடுப்பாக இருப்பதால் சுழற்பந்து வீச்சாளர்களுக்குப் பிடி கிடைக்கும். இங்கே பல சமயம் புதிய பந்தையே சுழற்பந்து வீச்சாளர் கையில் கொடுப்பதைப் பார்ப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் அது அபூர்வம்.

நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு அனுப்புவது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டெஸ்டில் ஓர் இன்னிங்ஸுக்கு ஒவ்வோர் அணியும் மூன்று முறை தவறலாம். திரையில் ‘அம்பயர்ஸ் கால்’ என்று வந்து நடுவர் முடிவு நின்றால் மட்டும் வாய்ப்பு குறையாது.

டிராவைப் பழிக்காதீர்கள்

புதியவர்களின் பெரிய ஐயம் இதுதான்: ஐந்து நாள் ஆடி முடிவே இல்லையா? தோற்க வேண்டிய அணி தோற்காமல் தப்புவதும் ஒரு முடிவுதான். சிட்னி, 2021 ஜனவரி. இந்தியாவுக்கு 407 இலக்கு. பந்த் 97, புஜாரா 77 எடுத்து ஆட்டமிழந்த பிறகு, தொடைத்தசை இழுத்துக்கொண்டு ஓட முடியாத ஹனுமா விஹாரியும், முதுகுவலியோடு வந்த அஸ்வினும் நாற்பது ஓவருக்கு மேல் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23. அஸ்வின் 128 பந்தில் 39. ஐபிஎல்லில் இப்படி ஆடினால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். இங்கே அதுதான் தொடரை உயிரோடு வைத்தது. அடுத்த ஆட்டம்தான் காபா.

இந்த வகை ஆட்டத்தில் ரன்னைப் பார்க்கவே கூடாது. மீதி எத்தனை ஓவர், மீதி எத்தனை விக்கெட்: இரண்டே எண்கள். மட்டையாளரைச் சுற்றி எத்தனை பேர் குனிந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்லிப்பில் மூவர், மட்டைக்கு அருகே இருவர் என்றால் அணித்தலைவர் ரன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எல்லைக்கோட்டை நோக்கிப் போகத் தொடங்கினால் நம்பிக்கை தளர்கிறது என்று பொருள்.

தப்பிக்க முடியாத நாளும் உண்டு. மெல்பர்ன், 2024 டிசம்பர் 30. இலக்கு 340. உணவு இடைவேளையில் மூன்று விக்கெட்டுக்கு 33. ஜெய்ஸ்வாலும் பந்தும் அடுத்த பகுதி முழுவதும் நின்று தேநீருக்கு மூன்று விக்கெட்டுக்கு 112 என்று கொண்டுவந்தார்கள். டிரா உறுதி என்று பலர் நினைத்தோம். ஸ்கோர் 121-ஐத் தொட்டபோது பந்த் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். அங்கிருந்து ஏழு விக்கெட் 34 ரன்னில் போனது. 155-க்கு எல்லாம் முடிந்தது. அந்த ஐந்து நாளில் மெல்பர்ன் மைதானத்துக்கு வந்தவர்கள் 3,73,691 பேர், அங்கே ஒரு டெஸ்டுக்கு வந்த அதிகக் கூட்டம்.

ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில்

தொடரின் சுவையில் பாதி மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. யாருக்குக் காயம், யார் உள்ளே வருகிறார், யார் உட்கார வைக்கப்படுகிறார் என்பதை ஆட்டங்களுக்கு இடையே உள்ள நாட்களில் பத்து நிமிடம் படித்தால் போதும். 2020-21 தொடரின் நான்கு டெஸ்டில் இந்தியா இருபது பேரைக் களமிறக்க வேண்டியிருந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காகச் சென்றவர். ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். காபாவில் அவரோடு அறிமுகமான வாஷிங்டன் சுந்தர் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, இந்தியா ஆறு விக்கெட்டுக்கு 186 என்று தவித்தபோது 62 அடித்தார். ஷர்துல் தாக்கூரோடு சேர்த்தது 123 ரன். அது இல்லாவிட்டால் 328 என்ற இலக்கே வேறு எண்ணாக இருந்திருக்கும்.

2024-25-இல் முதல் மூன்று டெஸ்டுக்கும் இந்தியா வேறு வேறு சுழற்பந்து வீச்சாளரை எடுத்தது: பெர்த்தில் சுந்தர், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்றாவது டெஸ்ட் முடிந்த கையோடு அஸ்வின் ஓய்வை அறிவித்தார், 537 விக்கெட்டுகளுடன். அணித் தேர்வைக் கவனித்து வந்தவர்களுக்கு அது முற்றிலும் எதிர்பாராத செய்தியாக இருந்திருக்காது.

மைதானத்துக்குப் போவதென்றால்

ஒரு நாளாவது நேரில் பாருங்கள். சென்னை சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம் நிலையத்திலிருந்து நடக்கலாம். தொப்பி கட்டாயம், கடற்கரை அருகில்தானே, காற்று வரும் என்று நம்பிப் போகாதீர்கள். உள்ளே எதை அனுமதிப்பார்கள் என்பதை டிக்கெட்டோடு வரும் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் பொதுவாக வாசலிலேயே நின்றுவிடும். பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் அமரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பந்து எவ்வளவு திரும்புகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். பக்கவாட்டில் அமர்ந்தால் எவ்வளவு எகிறுகிறது என்பது தெரியும்.

எந்த நாளுக்கு வாங்குவது? இந்தியாவில் என்றால் இரண்டாம் நாள் என் தேர்வு. பெரும்பாலும் இரு அணிகளும் மட்டை பிடிப்பதைப் பார்க்கலாம். ஐந்தாம் நாளுக்கு முன்கூட்டிப் பணம் கட்டாதீர்கள். 2023-இல் நாக்பூர், டெல்லி, இந்தூர் மூன்றிலும் ஆட்டம் மூன்றாம் நாளிலேயே முடிந்துவிட்டது. 2004-இல் சேப்பாக்கத்தில் கடைசி நாள் இந்தியாவுக்கு 210 ரன் தேவை, பத்து விக்கெட்டும் கையில். அன்று மழை; ஒரு பந்துகூட வீசவில்லை. இன்னொரு பக்கம், அதே மைதானத்தில் 1986-இல் கடைசி நாள் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் கிரெக் மேத்யூஸ், மணீந்தர் சிங்கை எல்பிடபிள்யூ ஆக்கி ஆட்டத்தை டையில் முடித்தார். டெஸ்ட் வரலாற்றில் டையில் முடிந்தவை இதுவரை இரண்டுதான். ஆகவே நான்காம் நாள் மாலை வரை பொறுத்திருங்கள். நான்கைந்து விக்கெட்டும் இருநூறுக்குக் குறைவான ரன்னும் மிச்சமிருந்து, வானமும் தெளிவாக இருந்தால், அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றிரவே டிக்கெட் தேடுங்கள்.